இறங்கிய பிறகும் கடல் இருக்கிறது

2023 கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள கனாவெரல் துறைமுகத்துக்கு ஒரு மிதவைத் தளத்தை இழுத்து வந்தார்கள். வழக்கமாக அதன் நடுவில் பதினைந்து மாடி உயரத்துக்கு ஒரு ராக்கெட் நிமிர்ந்து நிற்கும். அன்று நிற்கவில்லை. எஞ்சின்களும் கால்களும் இருந்த அடிப்பாகம் மட்டும் தளத்தில் சாய்ந்து கிடந்தது. மேல்பாகம் உடைந்து கடலோடு போய்விட்டது.

அதன் பெயர் பி1058. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, அதாவது பூஸ்டர். 2020 மே 30 அன்று இரண்டு வீரர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிவைத்தது அதுதான். 2021 ஜனவரி 24 அன்று ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்கள் போனபோது அடியிலிருந்து தூக்கிவிட்டதும் அதுதான். மூன்றரை ஆண்டுகளில் 19 முறை பறந்து, 860-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களை, மொத்தம் 260 டன்னுக்கு மேற்பட்ட சுமையை மேலே அனுப்பியிருந்தது. 19 முறையும் பத்திரமாக இறங்கியது. கடைசி முறையும் இறங்கியதில் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் பலத்த காற்றும் அலையும் சேர்ந்து, நின்றுகொண்டிருந்த அதைக் கவிழ்த்துவிட்டன.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, ராக்கெட் மீட்பைப் பற்றி நாம் பேசும் விதம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்குகிறது, புகை விலகுகிறது, ராக்கெட் நிற்கிறது. அந்தக் காட்சியோடு கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பூஸ்டர் மறுபடி பறக்குமா என்பது அப்போது முடிவாகியிருக்காது. அதற்குப் பிறகு நாள்கணக்கில் கடலில் நடக்கும் வேலைதான் அதை முடிவு செய்கிறது. பல பேருடைய செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றிப்போகும் ஏவல்கள் இன்று பேருந்து போலக் கால அட்டவணைப்படி கிளம்புகின்றன என்றால், அதற்கு இந்தக் கடல் வேலையும் ஒரு முக்கியக் காரணம்.

முதலில் அந்தக் கூட்டுப் பயணத்தைப் பார்த்துவிடுவோம். சிறிய செயற்கைக்கோள் செய்பவர்களுக்கு நெடுங்காலமாக ஒரே தொல்லை. தனியாக ஒரு ராக்கெட் பிடிக்கப் பணம் இருக்காது. பெரிய செயற்கைக்கோள் ஒன்று போகும்போது மிச்சமிருக்கும் இடத்தில் தொற்றிக்கொண்டு போக வேண்டும். பெரியவர் எந்தப் பாதைக்குப் போகிறாரோ அதே பாதை, அவர் எப்போது தயாரோ அப்போதுதான் பயணம். அவர் ஆறு மாதம் தள்ளிப்போட்டால் இவர்களும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி இந்தத் துறையில் நல்ல பெயர் எடுத்தது. 2017 பிப்ரவரி 15 அன்று அதன் சி37 பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஒரே வீச்சில் அனுப்பியது. நான்கு ஆண்டுகள் நிலைத்திருந்த அந்தச் சாதனையைத்தான் பி1058 தூக்கிவிட்ட 143 முறியடித்தது.

அந்த 143 போன பயணத்துக்கு டிரான்ஸ்போர்ட்டர்-1 என்று பெயர். தொற்றிக்கொள்ளப் பெரியவர் என்று யாரும் அதில் இல்லை, எல்லாருமே சிறியவர்கள். அந்தக் காலத்தில் 200 கிலோ வரைக்கும் 10 லட்சம் டாலர் என்று விலையைப் பொதுவில் அறிவித்திருந்தார்கள். தேதி குறித்தாயிற்று, உங்கள் செயற்கைக்கோள் தயாராகவில்லை என்றால் வண்டி உங்களுக்காக நிற்காது, அடுத்ததில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அடுத்த வண்டி என்று ஒன்று உறுதியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஒரு ராக்கெட் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த விலையும் வராது, இந்த அட்டவணையும் வராது. ஃபால்கன் 9-இன் செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் பூஸ்டருக்கே போகிறது என்று நிறுவனத்தின் தலைவர் ஈலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். ஒன்பது எஞ்சின்களும் பெரிய தொட்டிகளும் அதில்தான் இருக்கின்றன.

சரி, அதை எதற்குக் கடலில் போய் இறக்க வேண்டும்? கிளம்பிய இடத்துக்கே வரவழைத்தால் கப்பலும் வேண்டாம், அலைக்குப் பயப்படவும் வேண்டாமே?

ராக்கெட் மேலே போகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது மேலே போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஓடுகிறது. பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்க நொடிக்கு ஏறக்குறைய ஏழரை கி.மீ. வேகம் வேண்டும், அது முழுக்கவும் பக்கவாட்டு வேகம். ஏவிய சுமார் இரண்டரை நிமிடத்தில் பூஸ்டர் தன் பங்கை முடித்துக்கொண்டு பிரியும்போது நொடிக்கு இரண்டு கி.மீ. அளவில் பறந்துகொண்டிருக்கும். பிரிந்த பிறகும் எறிந்த கல்லைப் போல மேலே ஏறி, நூறு கி.மீ. உயரத்தைத் தாண்டி, வளைந்து விழத் தொடங்கும். அதை அதன் போக்கில் விட்டால் ஏவுதளத்திலிருந்து பல நூறு கி.மீ. தள்ளித்தான் விழும். திரும்பி வர வேண்டுமென்றால் முதலில் அந்தப் பக்கவாட்டு வேகத்தை முழுசாக நிறுத்த வேண்டும், அப்புறம் எதிர்த்திசையில் தள்ள வேண்டும். அதற்கான எரிபொருளைக் கீழேயிருந்தே சுமந்து போயிருக்க வேண்டும். அந்த எடை, செயற்கைக்கோள்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எடை.

அதனால் கணக்கு இப்படி அமைகிறது. பூஸ்டரை மீட்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டால் ஃபால்கன் 9 தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 22.8 டன் வரை கொண்டுபோகும். கடலில் மீட்பதாக இருந்தால் 17 டன்னுக்குச் சற்று மேலே போக முடிகிறது. ஏவுதளத்துக்கே திருப்பிக் கொண்டுவருவதாக இருந்தால் அதைவிடவும் குறைவு. பூஸ்டர் எங்கே விழப்போகிறதோ அங்கே நாமே ஒரு தரையைக் கொண்டுபோய் வைத்துவிடுவது, இந்த இழப்பைக் குறைக்கும் வழி.

கூட்டுப் பயணங்களில் இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறுவது எனக்குப் பிடித்த விஷயம். சிறிய செயற்கைக்கோள்கள் நூறு சேர்ந்தாலும் மொத்த எடை சில டன்தான். அதனால் பூஸ்டர் பல முறை தரைக்கே திரும்பிவிடுகிறது. 2021 ஜூன் 30 அன்று 88 செயற்கைக்கோள்களோடு போன டிரான்ஸ்போர்ட்டர்-2 அப்படித்தான். டிரான்ஸ்போர்ட்டர்-1, 2 இரண்டுமே போனது துருவங்களின் மேல் செல்லும் பாதை. ஃபுளோரிடாவிலிருந்து அந்தப் பாதைக்குப் போக ராக்கெட் தென்கிழக்கே கிளம்பி, கடற்கரையை விட்டு விலகி, நடுவழியில் தெற்கே வளைய வேண்டும். அந்த வளைவும் எரிபொருளைத் தின்னும். அதே பாதையில் 2020 ஆகஸ்டில் ஒரே பெரிய செயற்கைக்கோளும் இரண்டு சிறியவையும் போனபோது பூஸ்டர் தரைக்குத் திரும்பியது. 143 போனபோது அட்லாண்டிக் கடலில் ஒரு மிதவைத் தளம் காத்திருந்தது.

எப்போதும் எடைதான் காரணம் என்றும் இல்லை. 2018 டிசம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து எஸ்எஸ்ஓ-ஏ என்ற பயணத்தில் 64 செயற்கைக்கோள்கள் ஒன்றாகப் போயின. அதைத் தூக்கிய பி1046, மூன்றாவது முறையாகப் பறந்த முதல் பூஸ்டர். எரிபொருளைப் பொறுத்தவரை தரைக்கே வந்திருக்கலாம். ஆனால் பக்கத்து ஏவுதளத்தில் டெல்டா 4 ஹெவி ராக்கெட் ஒன்று விலை உயர்ந்த உளவுச் செயற்கைக்கோளோடு நின்றுகொண்டிருந்தது. அதன் அருகே வானத்திலிருந்து ஒரு பூஸ்டரை இறக்கிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலில் இறக்கினார்கள்.

அந்த எச்சரிக்கை அநாவசியம் இல்லை என்பது இரண்டே நாளில் தெரிந்தது. டிசம்பர் 5 அன்று ஃபுளோரிடாவில் வேறொரு பூஸ்டர் தரை இறங்க வந்தபோது, அதைத் திசைதிருப்ப மேல்முனையில் உள்ள துடுப்புகளை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோனது. பூஸ்டர் சுழல ஆரம்பித்தது. ஆனாலும் யாருக்கும் ஆபத்து இல்லை. இறங்கி வரும் பூஸ்டர் எடுத்த எடுப்பில் தளத்தைக் குறிவைப்பதே இல்லை, தண்ணீரைத்தான் குறிவைக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று உறுதியான பிறகே கடைசி நேரத்தில் தளத்தின் பக்கம் திரும்புகிறது. அன்று திரும்பவில்லை. கரைக்கு அருகில் கடலில் மெதுவாக இறங்கி, சாய்ந்து, மிதந்தது. இழுத்து வந்தார்கள். மறுபடி அது பறக்கவில்லை.

இறங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிரிந்தவுடன் பூஸ்டர் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. இனி எஞ்சின் பக்கம்தான் முன்பக்கம். மேல்முனையில் நான்கு துடுப்புகள் விரிகின்றன. சல்லடை போலக் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள துடுப்புகள். முதலில் அலுமினியத்தில் செய்தார்கள், வெப்பத்தில் ஓரங்கள் உருகின. 2017 ஜூன் முதல் டைட்டானியத்துக்கு மாறினார்கள். அடர்ந்த காற்றுக்குள் நுழையும் முன் மூன்று எஞ்சின்கள் சில நொடிகள் எரிந்து வேகத்தைக் குறைக்கும். காற்றோடு உரசி வரும் வெப்பம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த எரிப்பு இல்லாவிட்டால் எஞ்சின் பகுதி தாங்காது.

கடைசிக் கட்டம்தான் மிகக் கறாரானது. கிட்டத்தட்டக் காலியான பூஸ்டர் சுமார் 25 டன்தான் இருக்கும். ஒரே ஒரு மெர்லின் எஞ்சினை எவ்வளவு குறைத்து எரித்தாலும் அதன் விசை இந்த எடையை மீறிவிடும். ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நின்று, பார்த்து, நிதானமாக இறங்க இதனால் முடியாது. எஞ்சினைச் சீக்கிரம் பற்றவைத்தால் தளத்துக்கு மேலேயே வேகம் பூஜ்யமாகி மறுபடி மேலே கிளம்பிவிடும். தாமதித்தால் மோதிவிடும். வேகம் பூஜ்யமாகும் கணமும் உயரம் பூஜ்யமாகும் கணமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒத்திகை இல்லை, இரண்டாம் வாய்ப்பும் இல்லை.

கீழே காத்திருக்கும் தளமும் அசைந்துகொண்டிருக்கும். அது ஒரு பெரிய சரக்கு மிதவையை மாற்றியமைத்து உருவாக்கியது. மேல்தளம் சுமார் 90 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். கரையில் நின்று பார்த்தால் மைதானம் போல இருக்கும். நூறு கி.மீ. உயரத்திலிருந்து விழுகிற பொருளுக்கு அது ஒரு தபால்தலை. நங்கூரம் எதுவும் கிடையாது. நான்கு மூலைகளில் உள்ள உந்திகள், செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையோடு, சில மீட்டர் கூடப் பிசகாமல் அதைக் குறித்த இடத்திலேயே பிடித்துவைக்கின்றன. தளத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஊழியர்கள் பல கி.மீ. தள்ளி வேறொரு கப்பலில் நிற்பார்கள்.

நேரலை பார்ப்பவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பூஸ்டர் தளத்துக்கு மேலே வரும், வெளிச்சம் பரவும், சரியாக அந்த நொடியில் படம் உறைந்துவிடும். எத்தனையோ இரவுகள் நானும் அந்த உறைந்த படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதையும் மறைக்க அப்படிச் செய்வதில்லை. எஞ்சினின் சீற்றத்தில் தளம் அதிர, படத்தை அனுப்பும் ஆண்டெனா செயற்கைக்கோளின் திசையைத் தவறவிடுகிறது. பிற்பாடு இணைப்பு முறைகள் மேம்பட்டதும் தொடர்ச்சியான படம் கிடைக்கத் தொடங்கியது.

இங்கே வந்து சேர அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2015 ஜனவரியில் நடந்த முதல் முயற்சியில் துடுப்புகளை அசைக்கும் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்துபோய், பூஸ்டர் சாய்வாக வந்து தளத்தில் மோதி வெடித்தது. பிப்ரவரியில் கடல் மூன்று மாடி உயரத்துக்குப் பொங்கியது. தளத்தையே விலக்கிக்கொண்டு, பூஸ்டரை வெறும் தண்ணீரில் இறக்கினார்கள். ஏப்ரலில் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று சட்டென்று இயங்காமல் ஒட்டிக்கொண்டதால் தளத்தைத் தொட்டும் கவிழ்ந்தது. 2016 ஜனவரியில் அழகாக இறங்கி நின்றது, ஆனால் ஒரு காலின் பூட்டு விழவில்லை. கிளம்பும்போது இருந்த பனிமூட்டத்தின் ஈரம் உறைந்து பூட்டில் சிக்கியிருக்கலாம் என்றார்கள். மெதுவாகச் சாய்ந்து வெடித்தது. 2016 ஏப்ரல் 8 அன்றுதான் முதல் தடவையாகக் கடலில் ஒரு பூஸ்டர் நின்று நிலைத்தது. அதே பூஸ்டர் 2017 மார்ச் 30 அன்று மறுபடி பறந்தது.

நின்றுவிட்டது. இனி?

நான்கு கால்களும் விரிந்த நிலையில் பாதத்துக்குப் பாதம் சுமார் 18 மீட்டர். எடையில் பெரும்பகுதி எஞ்சின்கள் இருக்கும் அடியிலேயே இருப்பதால் பார்ப்பதற்குத் தெரிவதைவிட உறுதியாகவே நிற்கும். ஆனால் கால்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. வேகமாக இறங்கினால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள உள்ளே தேன்கூடு வடிவில் அலுமினிய உள்ளீடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது நசுங்கி அதிர்ச்சியை விழுங்கும், ஒரு முறைதான். ஒரு காலில் மட்டும் அது நசுங்கினால் அந்தக் கால் குட்டையாகி பூஸ்டர் சாயும். 2016 மே மாதம் தாய்காம்-8 என்ற செயற்கைக்கோளை அனுப்பிய பூஸ்டர் அப்படித்தான் ஒருபக்கமாகச் சாய்ந்தபடி துறைமுகம் வந்தது. வரும் வழியெல்லாம் கவிழ்ந்துவிடுமோ என்ற கவலை.

இறங்கியவுடன் பூஸ்டர் தொடக்கூடிய பொருளாக இருக்காது. தொட்டியில் மிச்சமிருக்கும் திரவ ஆக்சிஜன் கொதித்து வெண்புகையாக வெளியேறும். உள்ளே அழுத்தத்தில் ஹீலியம் இருக்கும். எஞ்சினைப் பற்றவைக்கும் வேதிப்பொருள், காற்று பட்டாலே பச்சைத் தீயாக எரியக்கூடியது. அழுத்தங்கள் எல்லாம் வெளியேறிப் பாதுகாப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் அதன்பின் ஆட்கள் தளத்தில் ஏறி, பூஸ்டரின் பாதங்கள் மேல் எஃகுக் காலணிகளை வைத்துத் தளத்தோடு வெல்டிங் செய்தார்கள். தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும் உருளை, காலடியில் ஆடும் இரும்புத் தளம், கையில் வெல்டிங் பொறி. விண்வெளித் துறையின் மிகத் துணிச்சலான வேலைகளில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன். இதைச் செய்தவர்களின் முகத்தை நேரலையில் யாரும் காட்டியதில்லை.

2017-இல் அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. ஆக்டாகிராபர் என்று பெயர். சங்கிலிச் சக்கரத்தில் ஊரும், தாழ்வான, பாரமான வண்டி. இறங்கும்போது நெருப்பு படாமல் தளத்தின் ஓரத்தில் ஒரு இரும்புக் கொட்டகைக்குள் ஒளிந்திருக்கும். பூஸ்டர் நின்றதும் தூரத்துக் கப்பலிலிருந்து அதை இயக்குவார்கள். ஊர்ந்து வந்து, எஞ்சின்களுக்கு அடியில் நுழைந்து, நான்கு கைகளை உயர்த்தும். ஏவுதளத்தில் பூஸ்டரைப் பிடித்துவைக்கும் அதே கொக்கி இடங்களை அது கவ்விக்கொள்ளும். அதன் எடையும் பூஸ்டரோடு சேர்வதால் புவியீர்ப்பு மையம் இன்னும் கீழே இறங்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்று 2019 ஏப்ரல் 11 காட்டியது. மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி அன்று பறந்தது. பக்கத்துப் பூஸ்டர்கள் இரண்டும் தரைக்கு வந்தன, நடுப் பூஸ்டர் கடலில் ஜம்மென்று இறங்கியது. ஆனால் அதன் அடிப்பாகத்தில் கொக்கி இடங்கள் வேறு மாதிரி. இயந்திரத்தால் அதைக் கவ்வ முடியாது. இரண்டரை, மூன்று மீட்டர் அலைகளில் தளம் ஆட, ஊழியர்கள் ஏறிக் கட்டுவதும் முடியாமல் போனது. கவிழ்ந்துவிட்டது.

அதே ஆண்டு ஜூன் 25 அன்று 24 செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஃபால்கன் ஹெவி எஸ்டிபி-2 பயணம் போனது. கூட்டுப் பயணங்களிலேயே மிகச் சிக்கலானது அது. ஒரே பயணத்தில் வெவ்வேறு சுற்றுப்பாதைகள், மேலடுக்கு நான்கு முறை எரிய வேண்டும். அதற்கு ஈடுகொடுக்க நடுப் பூஸ்டரை வழக்கத்தைவிட அதிக வேகத்துக்குத் தள்ளினார்கள். தளம் ஏவுதளத்திலிருந்து 1,200 கி.மீ.க்கும் அப்பால் நின்றது. அந்த வேகத்தில் நுழைந்தபோது வெப்பம் எஞ்சின் அறைக்குள் புகுந்து, நடு எஞ்சினைத் திருப்பும் அமைப்பைக் கெடுத்துவிட்டது. பூஸ்டர் கடைசி நேரத்தில் தளத்தை விட்டு விலகித் தண்ணீரில் விழுந்தது. செயற்கைக்கோள்கள் 24-ம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பயணிகளுக்கு வெற்றி, வண்டிக்கு நட்டம்.

அன்று இன்னொன்றும் நடந்தது, பலர் கவனிக்கவில்லை. செயற்கைக்கோள்களைக் காற்றிலிருந்து காக்கும் மூக்குக்கூடு நடுவழியில் இரண்டாகப் பிளந்து விழும். ஒவ்வொரு பாதியும் சுமார் 13 மீட்டர் உயரம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 60 லட்சம் டாலர் என்பது மஸ்க் சொன்ன கணக்கு. அன்றைக்குத்தான் ஒரு பாதியைக் கப்பலின் மேல் விரித்த வலையில் முதல் தடவையாகப் பிடித்தார்கள். பாராசூட்டில் மிதந்து வரும் பொருளுக்குக் கீழே கப்பலை ஓட்டிப் பிடிப்பது சொல்லும்போது நன்றாக இருக்கிறது, செய்யும்போது பல முறை தவறியது. 2021-இல் வலைகளைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீரில் விழட்டும், உடனே தூக்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த வேலைக்கு வைத்திருக்கும் இரண்டு கப்பல்களின் பெயர் பாப், டக். பி1058 முதல் முறை தூக்கிப்போன இரண்டு வீரர்களின் பெயர்கள் அவை.

மூக்குக்கூட்டுக்குச் சரிப்பட்டு வருவது பூஸ்டருக்கு ஏன் சரிப்பட்டு வராது? இதற்கு விடை பழைய அனுபவத்தில் இருக்கிறது. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் இரு பக்கத்திலும் இருந்த திட எரிபொருள் பூஸ்டர்கள் 1981 முதல் 2011 வரை பாராசூட்டில் கடலில் விழுந்தன. லிபர்ட்டி ஸ்டார், ஃப்ரீடம் ஸ்டார் என்ற இரண்டு கப்பல்கள் போய் எடுத்து வரும். செங்குத்தாக மிதக்கும் 45 மீட்டர் உருளையின் அடிவாயை நீச்சல் வீரர்கள் கடலுக்குள் இறங்கி அடைப்பார்கள். உள்ளே காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றியதும் அது படுத்துக்கொள்ளும். பிறகு இழுத்துப் போவார்கள். 1982-இல் ஒரு பயணத்தில் பாராசூட்டுகள் கோளாறாகி இரண்டுமே மூழ்கின. அவற்றின் உடல் தடித்த எஃகுக் குழாய், உள்ளே நுணுக்கமான பம்புகள் கிடையாது. அப்படியிருந்தும் முழுசாகப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி நிரப்ப வேண்டியிருந்ததால் பெரிய மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை. மெர்லின் போன்ற திரவ எரிபொருள் எஞ்சினில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் பம்ப் உண்டு, மெல்லிய குளிர்ச்சிக் குழாய்கள் உண்டு, மின்னணுப் பெட்டிகள் உண்டு. சூடாக இருக்கும்போதே அவை உப்புத் தண்ணீரில் முங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த வழியில் பிடிவாதமாக முயன்றவர்கள் உண்டு. நியூசிலாந்திலிருந்து ஏவும் ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் 18 மீட்டர் உயரமுள்ள சிறிய ராக்கெட். இறங்குவதற்கென்று எரிபொருள் மிச்சம் வைக்க அதில் இடமே இல்லை. 2020 நவம்பரில் 30 சிறு சுமைகளை ஏவிவிட்டு அதன் பூஸ்டரைப் பாராசூட்டில் இறக்கிக் கடலிலிருந்து எடுத்தார்கள். 2022 மே 2 அன்று 34 செயற்கைக்கோள்கள் போன பயணத்தில், தண்ணீரே படாமல் ஹெலிகாப்டரில் பிடிக்கப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் கொக்கி பாராசூட்டில் மாட்டியும்விட்டது. சில நொடிகள்தான். சுமை எதிர்பார்த்தபடி இல்லை என்று விமானி விடுவித்துவிட, கடலில் விழுந்ததைக் கப்பல் எடுத்து வந்தது. அதன்பின் ஹெலிகாப்டரைக் கைவிட்டு, தண்ணீர் புகாதபடி எஞ்சினைக் காப்பதில் இறங்கினார்கள். 2023 ஆகஸ்டில் ஏற்கெனவே பறந்த ஓர் எஞ்சினை இன்னொரு எலக்ட்ரானில் மறுபடி பறக்கவைத்தார்கள். பெரிய ராக்கெட்டுகளில், ப்ளூ ஆரிஜின் நிறுவனம் 2025 நவம்பரில் தன் நியூ க்ளென் பூஸ்டரை இரண்டாவது முயற்சியிலேயே கப்பலில் நிறுத்தியது.

கரைக்கு வருவோம். இழுவைப் படகு சில நாள் இழுத்து வந்த பிறகு, துறைமுகத்தில் பெரிய கிரேன் காத்திருக்கும். பூஸ்டரின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, ஆக்டாகிராபரின் பிடியை விடுவித்து, தூக்கித் தரையில் உள்ள தாங்கியில் நிறுத்துவார்கள். முன்பெல்லாம் கால்களைக் கழற்றி எடுத்தார்கள். இப்போது நிற்கும் நிலையிலேயே மடக்குகிறார்கள், அதில் மட்டுமே நிறைய நேரம் மிச்சம். அப்புறம் படுக்கவைத்து, நீளமான வண்டியில் ஏற்றி, சாலை வழியாகப் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். அடியிலிருந்து நுனிவரை புகைக்கரி அப்பியிருக்கும். எங்கே திரவ ஆக்சிஜன் தொட்டி இருந்ததோ அங்கே மட்டும் கரி குறைவு. குளிர்ந்த சுவரில் படிந்த பனி, கரியை ஒட்டவிடாமல் காத்த அடையாளம் அது.

தளம் காலியானதும் உடனே மறுபடி கடலுக்குப் போக வேண்டும். 2024-இல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் பறந்தன. அவற்றில் பெரும்பாலானவை கடலில் இறங்கியவை. அப்போது இருந்ததோ மூன்றே தளங்கள்: அட்லாண்டிக்கில் இரண்டு, பசிபிக்கில் ஒன்று. ஒரு பூஸ்டரை இறக்கி, இழுத்து வந்து, அவிழ்த்து, திரும்பக் குறித்த இடத்துக்குப் போய் நிற்கப் பல நாள் ஆகிறது. பறக்கத் தயாராக எத்தனை பூஸ்டர்கள் இருந்தாலும் தளம் ஊர்ந்து வருகிற வேகத்தைத் தாண்டி அட்டவணையை நெருக்க முடியாது. சுமை குறைவான கூட்டுப் பயணங்களில் தரைக்கே திரும்ப ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தளம் ஒரு முறை ஓய்வெடுக்கும்.

பி1058 விஷயத்துக்கு வந்தால், அதன் சாவைத் தடுத்திருக்கக்கூடிய மருந்து அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் வேறொரு பூஸ்டர் தன் முதல் பயணத்திலேயே மோசமாகச் சாய்ந்து, அடிபட்டுத் துறைமுகம் வந்தது. அதைப் பார்த்துத் தாமாகவே மட்டம் சரிசெய்துகொள்ளும் கால்களை வடிவமைத்தார்கள். தரையைத் தொட்டவுடன் நான்கு கால்களும் எடையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். பெரும்பாலான பூஸ்டர்களுக்கு அதைப் பொருத்தியும் விட்டார்கள். பி1058 வயதானது என்பதால் அதற்குப் பொருத்தவில்லை. அதற்குப் பின் வந்தவற்றில் ஒன்று 30 பயணங்களையே தாண்டிவிட்டது.

ஃபுளோரிடாவில் ஒவ்வொரு ஏவலுக்கும் முன்னால் அமெரிக்க விண்வெளிப் படையின் வானிலைப் பிரிவு ஒரு பக்க அளவில் ஒரு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மேகம், மின்னல், காற்று என்று ஏவுதளத்தின் நிலவரம் சதவீதக் கணக்கில் மேலே பெரிதாக இருக்கும். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். கீழே கூடுதல் அபாயங்கள் என்ற பகுதியில் ஒரு சிறிய வரி உண்டு: பூஸ்டர் மீட்பு வானிலை. குறைவு, மிதம், அதிகம் என்று ஒரே ஒரு சொல்தான் அதன் எதிரே இருக்கும். ஏவுதளத்துக்கு மேலே வானம் துடைத்துவிட்டது போல இருந்தும் பயணத்தை நாளைக்குத் தள்ளிவைத்தார்கள் என்றால், பல நூறு கி.மீ. அப்பால் ஆளில்லாத ஒரு தளத்தின் மீது அலை எவ்வளவு உயரம் எழுந்தது என்பதை அந்தச் சொல்லில் படித்துக்கொள்ளலாம்.